பதினோராவது பிள்ளை

நெட்ரா முப்பத்தோரு வருடம் வான்கோழி ஆலையில் வேலை பார்த்தவள். குடல் உருவும் வரிசையில் கத்தியோடு நின்று ஆரம்பித்து, அந்த வரிசைக்கே மேற்பார்வையாளராகி ஓய்வு பெற்றாள். சான்பீட் பள்ளத்தாக்கில் பாதிக் குடும்பங்களுக்கு அந்த ஆலைதான் சோறு போட்டது. அவள் கணவன் கேலன் வாய்க்கால் கரையில் டிராக்டர் கவிழ்ந்து இறந்துபோனான். ஒரே மகன் அடுத்த மாநிலத்தில். வீட்டில் அவளும் ஒரு கிழட்டுப் பூனையும் மட்டும்தான்.

நான் வெர்ல். ஆல்டர் கிரீக் கல்லறைத் தோட்டத்தை இருபத்தெட்டு வருடம் பார்த்துக்கொண்டவன். குழி தோண்டுவது, புல் வெட்டுவது, யார் எங்கே கிடக்கிறார்கள் என்று கேட்டு வருகிறவர்களுக்கு வழி காட்டுவது, இவ்வளவுதான் என் வேலை. கோடைக்காலத்தில் அப்படி வருகிறவர்கள் ஏராளம். எங்கள் மார்மன் சபை ஆட்களுக்கு இறந்தவர்களைத் தேடுவது ஒரு கடமை. பெயர் கிடைத்தால்தான் கோவிலில் அவர்களுக்காக ஞானஸ்நானம் முதலான சடங்குகளைச் செய்ய முடியும். அதனால் பாட்டனுக்குப் பாட்டன் பெயர் தெரியாதவன் எங்கள் ஊரில் கிடையாது.

நெட்ராவின் கொள்ளுத்தாத்தா பேடர் ராஸ்போல். டென்மார்க்கிலிருந்து சபை எங்கள் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்த ஆரம்பகாலத்து ஆட்களில் ஒருவர். இருபத்தைந்து வயதில் சமவெளி முழுக்கக் கைவண்டி இழுத்து நடந்தே வந்தவர். பனிக்கட்டி மிதந்த ஓர் ஆற்றை ஒரே நாளில் பதினேழு முறை கடந்து, நடக்க முடியாதவர்களைத் தோளில் தூக்கி அக்கரை சேர்த்தார் என்பது ஊர்க்கதை. அந்தப் பதினேழில் ஒரு சுமை எங்கள் அம்மாவின் பாட்டி. அப்போது அவளுக்கு நாலு வயது. ஆகவே நான் இந்த உலகத்தில் இருப்பதற்கும் பேடர் ஒரு காரணம். பிறகு கோவில் கட்டக் கல் இழுத்தார். பிஷப்புக்கு ஆலோசகராக இருபது வருடம் இருந்தார். ஆராதனைக் கூடத்தின் நடையில் அவர் படம் தொங்குகிறது. தாடி, அகன்ற தோள், சிரிக்காத வாய்.

2012 இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெட்ராவின் தம்பி தேய்ன் தன் வீட்டில் எல்லோருக்கும் விருந்து வைத்தான். தீவனக் கடை வைத்திருக்கிறவன். எங்கள் வார்டில், அதாவது ஊர்ச் சபையில், எந்தக் காரியமானாலும் முன்னால் நிற்பவன். பக்கத்து வீடு என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தான். மாட்டிறைச்சி வறுவலை வெட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கூடும் ராஸ்போல் குடும்பம் 2014 ஜூலையில், எங்கள் ஆட்கள் முதன்முதலில் இங்கே வந்து சேர்ந்ததைக் கொண்டாடும் முன்னோடிகள் தினத்தன்று கூடுகிறது. அன்றைக்குப் பேடருக்கு ஒரு வெண்கலப் பலகை திறக்க வேண்டும்.

“நெட், வாழ்க்கைக் குறிப்பை நீதான் எழுதணும். உனக்குத்தான் பொழுது போகல.”

“எனக்குப் பொழுது போகலன்னு எவன்டா சொன்னது? பூனையைக் கேளு.”

“இருநூறு வார்த்தை போதும். ஆத்தைக் கடந்தாரு, கல் இழுத்தாரு, கோர்ட்டுல ஜெயிச்சாரு. முடிஞ்சுது.”

“கோர்ட்டுக்கு எதுக்கு இழுத்தாங்க அவரை?”

“ரெண்டு பொண்டாட்டின்னு பொய் வழக்கு. அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க எல்லார் மேலயும் போட்டாங்கல்ல, அதுதான். போடில் பாட்டியைத் தவிர அவருக்கு யாரு இருந்தா? சாட்சியே இல்லாம வழக்கு விழுந்துச்சு. கடவுள் காப்பாத்தினாரு.”

இருநூறு வார்த்தைக்காக நெட்ரா டென்மார்க் வரை கடிதம் எழுதினாள். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். ஜட்லாந்தில் பேடரின் அண்ணன் வழி வந்த ஒரு குடும்பம், தங்கள் பரணில் இருந்த கடிதங்களைப் படம் எடுத்து அனுப்பியது. பழைய கையெழுத்து, பழைய டேனிஷ். அந்த நாட்டில் ஊழியம் செய்து திரும்பிய ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் பக்கத்து ஊரில் இருந்தார். அவர் உதவியோடு குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

மார்ச்சில் ஒரு காலையில் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தாள். நான் உடைந்த குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

“வெர்ல், ராஸ்போல் வரிசைக்கு வா. பேடரோட பிள்ளைங்க எத்தனைன்னு எனக்கு எண்ணிக் காட்டு.”

“எண்ண என்ன இருக்கு? பத்து. ரெண்டு குழந்தையிலேயே போச்சு.”

“எண்ணு.”

எண்ணினேன். பத்துதான். அவள் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தாள். 1886இல் பேடர் அண்ணனுக்கு எழுதியது: ‘கடவுள் எனக்குப் பதினொரு பிள்ளைகளைத் தந்தார். இரண்டு பேரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கடைசி மகளுக்கு நம் அம்மாவின் பெயரையே வைத்திருக்கிறேன். சிஸெலுக்கு இப்போது எட்டு வயது. அம்மாவைப் போலவே, வேலை செய்யும்போது பாடுகிறாள். நான் போனால் வண்டிச் சத்தம் கேட்டே ஓடி வந்துவிடுவாள்.’

“‘நான் போனால்’னு எழுதியிருக்காரு, கவனிச்சியா? சொந்த வீட்டுக்கு எவனாவது ‘போவானா’? ராத்தங்குற வீட்டுக்குத் திரும்பி வருவான். இன்னொரு வீடு இருந்திருக்கு.”

“விட்டுடு நெட்ரா,” என்றேன். “தேய்ன் கேட்டது இருநூறு வார்த்தை.”

“முப்பத்தோரு வருஷம் வான்கோழிக் குடலை உருவினவ நான். கை விட்டாச்சுன்னா முழுசா வெளிய எடுத்துத்தான் பழக்கம்.”

வழக்கு நடந்த வருடம் 1887 என்று பழைய செய்தித்தாள்களில் கண்டுபிடித்தாள். நீதிமன்ற விசாரணையின் எழுத்துப்படி சால்ட் லேக்கில் ஓர் ஆவணக் காப்பகத்தில் படச்சுருளாக இருந்தது. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்ட அவளுக்குப் பயம். அதனால் நான்தான் என் வண்டியில் கூட்டிப்போனேன். அவள் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து சுருளை உருட்டிக்கொண்டே போனாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு லேசாகத் தூங்கிவிட்டேன். அவள் என் முழங்கையை இறுகப் பிடித்தபோதுதான் விழித்தேன். திரையைக் காட்டினாள்.

அரசு வழக்கறிஞர் கேட்கிறார். சாட்சி ஒரு சிறுமி, வயது ஒன்பது.

‘உன் பெயர் என்ன?’

‘சிஸெல்.’

‘முழுப் பெயர்?’

‘சிஸெல்தான்.’

‘உன் தந்தை யார்?’

‘தெரியாது.’

‘அதோ அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரைப் பார். அவரைத் தெரியுமா?’

‘தெரியாது.’

‘உங்கள் வீட்டுக்கு அவர் வந்ததில்லையா?’

‘இல்லை.’

‘இப்படிச் சொல்லச் சொல்லி யாராவது உனக்குக் கற்றுக்கொடுத்தார்களா?’

இந்த இடத்தில் எழுத்தர் பதில் எதுவும் எழுதவில்லை. ‘சாட்சி அழுகிறாள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். அடுத்து பேடரை எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்கிறார்கள்: இந்தக் குழந்தையை உமக்குத் தெரியுமா? ‘இல்லை. இதற்கு முன் பார்த்ததில்லை.’ தாய் மாரென் க்ரோக் தன்னை விதவை என்று சொல்லிக்கொண்டாள். வழக்கு தள்ளுபடி ஆனது.

வீடு திரும்பும் வழி நெடுக நெட்ரா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். மலை இறங்கி எங்கள் பள்ளத்தாக்குக்குள் நுழையும்போது கேட்டாள்.

“ஜெயிலுக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும் வெர்ல்? ஆறு மாசம். எத்தனையோ பேரு போயிட்டுத் திரும்பி வந்தாங்க. பட்டை போட்ட ஜெயில் துணியில போட்டோகூட எடுத்துக்கிட்டாங்க, பெருமையா.”

“பண்ணை இருந்துச்சு. ஒம்பது பிள்ளைங்களுக்குச் சோறு போடணும்.”

“ஊரான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் பனித் தண்ணிக்குள்ள பதினேழு தடவை இறங்கினவரு. சொந்தப் பிள்ளையை ஒரு தடவை தூக்க முடியலையா?”

என் அம்மாவின் பாட்டி அந்தத் தோளில்தான் வந்தாள்.

மாரென் க்ரோக் எங்கள் தோட்டத்திலேயே கிடக்கிறாள். கிழக்கு ஓரத்தில் சின்னக் கல். ‘விதவை, இறப்பு 1896’. மகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. நெட்ரா எங்கள் வார்டின் பழைய கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குச் சாட்சி சொல்லும் ஞாயிறு. பிரசங்கம் கிடையாது, மனதில் பட்டதை யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்லலாம். 1897 மே மாதக் குறிப்பில் ஒரே ஒரு வரி: ‘சகோதரி எஸ். க்ரோக் எழுந்து பேசினார். உட்காரும்படி சொல்லப்பட்டார்.’ அடுத்த மாதம் அதே வரி. ஜூலையில், ‘உட்காரும்படி சொல்லப்பட்டார், வெளியே அழைத்துச் செல்லப்பட்டார்.’ ஆகஸ்டிலிருந்து அந்தப் பெயர் இல்லை.

அவள் எங்கே போனாள் என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னது. 1900, 1910, 1920, 1930. நான்கு கணக்கெடுப்பிலும் அவள் பெயர் வடக்கே ஒரு மனநோயாளர் விடுதியின் பட்டியலில் இருந்தது. நெட்ரா கோப்பைக் கேட்டு விண்ணப்பித்தாள். இறந்து எழுபத்தைந்து வருடம் ஆனால்தான் திறக்க முடியும் என்று பதில் வந்தது. சிஸெல் இறந்தது 1938 நவம்பரில். நெட்ரா ஏழு மாதம் காத்திருந்தாள். அந்த ஏழு மாதத்தில் எடை குறைந்தாள். வயிறு சரியில்லை என்றாள். மருத்துவரிடம் போகச் சொன்னால், “இது முடியட்டும்” என்பாள்.

கோப்பு டிசம்பரில் தபாலில் வந்தது. என் வீட்டுச் சமையலறையில் வைத்துத்தான் பிரித்தாள். தனியாகப் பிரிக்கப் பயமாக இருந்தது என்று பிறகு சொன்னாள். நான் சுடச்சுடக் கோக்கோ கலந்து வைத்தேன். அது ஆறி ஆடை படிந்து அப்படியே கிடந்தது.

முதல் தாள், சேர்க்கை விண்ணப்பம். வயது பத்தொன்பது. தாய் இறந்துவிட்டாள். தந்தை: தெரியவில்லை. நோயின் தன்மை என்ற இடத்தில் இப்படி இருந்தது: ‘ஊரின் மதிப்புக்குரிய ஒரு பெரியவரைத் தன் தந்தை என்று பிடிவாதமாகச் சொல்கிறாள். ஆராதனையில் எழுந்து நின்று அவரை அப்பா என்று கூப்பிடுகிறாள். அவர் வீட்டு வாசலில் நாள் முழுவதும் நிற்கிறாள். மற்றபடி அமைதியானவள். உழைப்பாளி.’ விண்ணப்பித்தவர் எவால்ட் ராஸ்போல். நோயாளிக்கு என்ன உறவு? ‘அண்டை வீட்டார்.’

எவால்ட், பேடரின் மகன். நெட்ராவுக்கும் தேய்னுக்கும் சொந்தத் தாத்தா. அவர் மடியில் உட்கார்ந்து மிட்டாய் தின்றது நெட்ராவின் முதல் ஞாபகம்.

“இவ பைத்தியம் இல்ல வெர்ல்,” என்றாள். “உண்மையைச் சொன்னா. ஒம்பது வயசுல பொய் சொல்லச் சொன்னாங்க, சொன்னா. அம்மா செத்த பிறகு உண்மையைச் சொன்னா. அதுக்குத்தான் அடைச்சாங்க.”

அதன்பின் வருடத்துக்கு ஒரு வரி வீதம் மருத்துவர்களின் குறிப்புகள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் சொன்னதை அவர்கள் நம்பினார்கள். 1899: ‘மாற்றம் இல்லை. அதையே சொல்கிறாள்.’ 1911: ‘இன்னும் அதையே சொல்கிறாள், கேட்டால் மட்டும்.’ 1919: ‘தையல் அறையில் நல்ல வேலை. பாடுகிறாள்.’ 1926: ‘தந்தை யார் என்று கேட்டதற்குத் தெரியாது என்றாள். முன்னேற்றம் தெரிகிறது. வெளியே அனுப்பலாம், ஏற்றுக்கொள்ள யாரும் இல்லை.’ அதன் பிறகும் பன்னிரண்டு வருடம் அங்கேயே இருந்தாள். கடைசித் தாளில் மரணம், நிமோனியா. உடல் எவால்ட் ராஸ்போலிடம் ரயில் மூலம் ஒப்படைக்கப்பட்டது.

நான் எழுந்து மேல்சட்டையை மாட்டினேன். நெட்ராவும் எதுவும் கேட்காமல் என் பின்னால் வந்தாள். தோட்டத்துக் கொட்டகையில் புதைப்புப் பதிவேடுகள் எல்லாம் ஒரு இரும்புப் பெட்டியில் இருக்கும். 1938, நவம்பர்: ‘பெண். அறுபது வயது இருக்கும். பெயர் தரப்படவில்லை. வடக்கு வேலி ஓரம். உடன் இருந்தவர் எ. ராஸ்போல் மட்டும். ஜெபம் இல்லை.’

அந்த இடம் எனக்குத் தெரியும். தரை சற்றுப் பள்ளமாக இருக்கும். புல் வெட்டும் இயந்திரம் அங்கே வந்தால் ஒரு குலுக்கல் குலுங்கும். மண் கொட்டிச் சமப்படுத்த வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்து ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டேன். இருபத்தைந்து வருடம் அவள் மேல்தான் புல் வெட்டியிருக்கிறேன்.

நெட்ரா பனியில் அங்கே மண்டியிடவில்லை, அழவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, “இங்கதானா?” என்று கேட்டாள். “எவால்ட் கிழவனுக்கு மனசு உறுத்தியிருக்கு. உறுத்தியும் பேரைச் சொல்ல வாய் வரல பாரு.”

இங்கிருந்துதான் அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை மூண்டது. எங்கள் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து கணினியில் ஒரு பொதுவான குடும்ப மரத்தை வளர்க்கிறோம். யார் வேண்டுமானாலும் அதில் பெயர் சேர்க்கலாம், திருத்தலாம். நெட்ரா பேடருக்குக் கீழே மாரெனையும் சிஸெலையும் சேர்த்தாள், ஆதாரங்களோடு. மறுநாள் பார்த்தால் இல்லை. மறுபடி சேர்த்தாள். மறுபடி இல்லை. இப்படி நாலு தடவை. யார் அழித்தது என்று அந்த மரமே காட்டிக்கொடுக்கும். தேய்ன்.

அவள் நேரே தீவனக் கடைக்குப் போனாள். மூட்டை வாங்க நானும் அங்கே நின்றிருந்தேன்.

“தேய்ன், ஒரு பொம்பளைப் பிள்ளையை நாலு தடவை அழிச்சிருக்கே. கை வலிக்கல?”

“கடையில வேணாம் நெட்.”

“வேற எங்க? நீதான் போன் எடுக்க மாட்டேங்கிறியே.”

தேய்ன் எடைத் தராசை விட்டு நிமிர்ந்தான். “அது நம்ம சபைக்கு எதிரா இருந்தவங்க எழுதின கோர்ட்டுக் காகிதம். கொள்ளுத்தாத்தா இப்ப வந்து பதில் சொல்ல முடியுமா? பேச முடியாத மனுஷன் மேல சேத்தை வாரி இறைக்கிறே.”

“அவரு கையால எழுதின கடுதாசி இருக்கு. பேசிட்டாருடா அவரு. எவால்ட் தாத்தா கையெழுத்தும் இருக்கு. கூடப்பிறந்தவளைப் பைத்தியம்னு எழுதி, அண்டை வீடுன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. எந்த மனுஷனாவது செய்வானா அதை?”

“நான் செஞ்சேன்,” என்றான். “நானும்தான் கையெழுத்துப் போட்டேன். ரெண்டு தடவை. மார்லிக்கு. மறந்துட்டியா?”

மார்லி அவன் மகள். இருபத்தாறு வயது. கல்லூரியில் இரண்டாம் வருடம் அவளுக்கு மனம் பிசகியது. ஏதேதோ குரல் கேட்கிறது என்றாள். குளிரில் செருப்பில்லாமல் சாலையில் நடந்தாள். இரண்டு முறை அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள். மருந்து ஒத்துக்கொண்டது, இப்போது வீட்டில் இருந்தபடி கடைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் பேச மாட்டோம்.

“அது வேற, தேய்ன். அவளுக்கு நிஜமாவே முடியல.”

“அதை நீ அவகிட்ட சொல்லு. குடும்பத்துல எல்லார் முன்னாடியும் நின்னு, ராஸ்போல் வீட்டுல சொந்த ஆளுங்களே பொண்ணைப் பைத்தியம்னு அடைச்சாங்கன்னு படிச்சிட்டு, அப்புறம் அவகிட்ட சொல்லு, இது வேற அது வேறன்னு.”

நெட்ரா திரும்பி நடந்தாள். கதவு மணி அடிக்க வெளியே வந்தவள், என் வண்டிப் படியில் உட்கார்ந்து நெடுநேரம் விரல் மூட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அது அவளுக்கும் தெரிந்தது. அந்தச் சாயங்காலமே நான் சொன்னேன், மார்லியிடம் முதலில் போய் உட்கார்ந்து பேசு என்று. “பேசறேன்” என்றாள். பேசவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றாள். வசந்தம் வந்தது, வயிற்று வலி கூடியது, ஜூலையும் வந்துவிட்டது.

முன்னோடிகள் தினத்தன்று காலையில் அணிவகுப்பு. மதியம் பூங்காவில் ராஸ்போல்கள் நூற்றுப் பத்துப் பேர். பன்றித் தொடை இறைச்சி, சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, வெயிலில் உருகும் ஜெல்லி. பலகையைத் திறந்து வாசித்தார்கள். ஆறு, கல், ஆலோசகர் பதவி எல்லாம் அதில் இருந்தன. வழக்கைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்த அளவுக்குத் தேய்ன் விட்டுக்கொடுத்திருந்தான். ‘போடிலின் கணவர், பத்துப் பிள்ளைகளின் தந்தை’ என்று முடிந்தது.

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் நெட்ரா எழுந்தாள். மைக்கை வாங்கவில்லை. ஆலை இரைச்சலில் பழகிய குரல் அது.

“பதினொண்ணு,” என்றாள்.

பிறகு கடிதத்தை வாசித்தாள். நீதிமன்றத்துக் கேள்வி பதிலை வாசித்தாள். அத்தோடு நிறுத்திக்கொள்வாள் என்று நினைத்தேன்; என்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள். ஆனால் கையில் இருந்த அடுத்த தாளுக்குப் போய்விட்டாள். எவால்டின் விண்ணப்பம், நோயின் தன்மை, நாற்பத்தோரு வருடக் குறிப்புகள் எல்லாவற்றையும். மூன்றாவது மேசையிலிருந்து மார்லி எழுந்தாள். காகிதத் தட்டை மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். யாரையும் பார்க்காமல் வாகன நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். தேய்ன் பின்னால் ஓடினான்.

நெட்ரா அதைப் பார்த்தாள். பார்த்தும், கடைசி வரி வரை வாசித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

மார்லி அந்த வாரமே ஊரை விட்டுப் போய்விட்டாள். நெவாடாவில் ஒரு தங்கும் விடுதியில் வேலை செய்கிறாள் என்று பிறகு தெரிந்தது. மருந்து சாப்பிடுகிறாளா இல்லையா என்பது தெரியவில்லை. அம்மாவுக்கு மட்டும் எப்போதாவது போன் வரும். அப்பாவிடம் பேச மாட்டாள். ‘அப்பா, நீ எந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டேன்னு எனக்குக் காட்டு’ என்று ஒருமுறை எழுதிக் கேட்டாளாம்.

குடும்பத்தில் சிலர் நெட்ராவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இருந்த வரிசையில் உட்காராமல் நகர்ந்து போனார்கள். மரத்தில் சிஸெலின் பெயரை அதன் பிறகு எவரும் அழிக்கவில்லை. வடக்கு வேலி ஓரத்தில் நெட்ரா ஒரு கல் வைத்தாள். கோவில் கட்டிய அதே மஞ்சள் வெளுப்புக் கல். ‘சிஸெல் ராஸ்போல். பேடர், மாரென் ஆகியோரின் மகள்’ என்று எழுதச் சொன்னாள். கல்லை நட்டது நான். பள்ளத்தை மண் கொட்டிச் சமப்படுத்தியதும் நான்தான். குடும்பத்தில் வேறு யாரும் வரவில்லை. ஜெபம் சொல்ல பிஷப்பைக் கூப்பிட்டிருந்தாள். நல்ல மனிதர், வயதில் எங்களைவிடச் சின்னவர்.

“சிஸ்டர், கடவுள் இவங்களை அப்பவே பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாரு. நீங்க நிம்மதியா இருங்க,” என்றார்.

“இருக்கலாம் பிஷப். ஆனா என் தம்பி மகளை இப்ப யாரு கூப்பிடறாங்க? செத்தவளுக்கு நியாயம் தேடிப் போனேன். உயிரோட இருந்தவ மூணாவது மேசையில உக்காந்திருந்தா. எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் படிச்சேன். இதை எந்த ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு நின்னு சொல்லறது?”

அந்த இலையுதிர் காலத்தில்தான் மருத்துவரிடம் போனாள். கணையத்தில் புற்றுநோய், கத்தி வைக்கும் கட்டத்தைத் தாண்டியிருந்தது. மூன்று முறை மார்லிக்குக் கடிதம் எழுதினாள். முகவரி தெரியாததால் தேய்னின் மனைவியிடம் கொடுத்தனுப்பினாள். ஒன்றாவது போய்ச் சேர்ந்ததா என்று கடைசி வரை அவளுக்குத் தெரியாது. தேய்ன் அவளைப் பார்க்க வரவே இல்லை. தினமும் அவள் வீட்டு நடைபாதையில் விழுந்த பனியை யாரோ விடியற்காலையில் தள்ளிவிட்டுப் போவார்கள். அது தேய்ன்தான் என்று நான் சொன்னபோது, “தெரியும். மண்வாரியை இழுக்கிற விதம் தெரியும்,” என்றாள். கதவைத் திறந்து கூப்பிடவில்லை. இருவருமே ராஸ்போல்கள்.

பிப்ரவரியில் இறந்தாள். கேலன் பக்கத்தில் இடம் இருந்தது. நிலம் இரும்பாக உறைந்திருந்ததால், காற்றழுத்தக் கருவியால் உடைத்து உடைத்துக் குழி எடுத்தேன். ஒன்றரை நாள் ஆனது. எங்கள் வழக்கப்படி குடும்பத்து ஆண் ஒருவர் ஜெபம் சொல்லிக் குழியைக் கடவுளிடம் ஒப்புக்கொடுக்க வேண்டும். மகன் சபையை விட்டு விலகி நாளாகிவிட்டது. தேய்ன் தானாகவே முன்னால் வந்தான்.

தொப்பியைக் கழற்றி, கண்ணை மூடி, அவள் முழுப் பெயரைச் சொன்னான். பிறகு எதுவும் வரவில்லை. மறுபடி பெயரைச் சொன்னான். அதற்கு மேல் போக முடியாமல் நின்றவனின் தோளில் பிஷப் கை வைத்து, மீதியைத் தானே சொல்லி முடித்தார்.

எல்லோரும் சாப்பிடக் கூடத்துக்குப் போனார்கள். நான் மண் தள்ள ஆரம்பித்தேன். தேய்ன் போகவில்லை. கோட்டைக் கூடக் கழற்றாமல், என் வண்டியிலிருந்து இன்னொரு மண்வெட்டியை எடுத்து வந்து எதிர்ப்பக்கம் நின்று தள்ளினான். உறைந்த கட்டிகள் பெட்டியின் மேல் விழுந்து சத்தம் எழுப்பின. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. முடிந்ததும் மண்வெட்டியைப் பனியில் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, மனைவி காத்திருந்த காருக்கு நடந்து போனான்.